கேம் ஆடுகிறவன் பேப்பரில் எந்தப் பக்கத்தில் வருகிறான்?

கோட்டாறு_கேமர்

நாகர்கோவில் பதிப்புப் பேப்பர்களை வீட்டிலும் டீக்கடையிலுமாகத் தினமும் மேய்கிறவன் நான். கேம் ஆடுகிற பையன் அதில் இரண்டே இடத்தில்தான் தலைகாட்டுகிறான். ஒன்று போலீஸ் செய்தி: அப்பா கணக்கிலிருந்து பணம் எடுத்தான், செல்போனைப் பிடுங்கியதும் வீட்டை விட்டுப் போனான். இன்னொன்று, கேம் ஆடியே கோடி சம்பாதிக்கும் வாலிபர். அவர் எப்போதும் மும்பையிலோ தென் கொரியாவிலோ இருப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. யார் யாரோடு மோதினார்கள், யார் எப்படி ஜெயித்தார்கள், கடைசிக் கட்டத்தில் யார் சொதப்பினார்கள், ஒரு வரி வராது.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஹாலில் சில நண்பர்கள் சேர்ந்து பி.ஜி.எம்.ஐ. (செல்போனில் அணி சேர்ந்து ஆடுகிற பப்ஜி வகை கேம்) போட்டி நடத்தினோம். 16 அணிகள், அணிக்கு நான்கு பேர். நிருபர் ஒருவர் வந்தார் (பேப்பர் பெயர் வேண்டாம்). ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடுவீர்கள், வீட்டில் திட்ட மாட்டார்களா, கண் வலிக்காதா, எவ்வளவு பணம் வரும்? இவ்வளவுதான் கேட்டார். மறுநாள் படத்தோடு வந்தது, செல்போனில் மூழ்கிக் கிடக்கும் இளைஞர்கள் என்கிற தோரணையில். ஜெயித்த அணி எது என்று அதில் இல்லை. அதே பக்கத்தில் ஒரு கைப்பந்துப் போட்டி முடிவு, செட் வாரியாகப் புள்ளியோடு.

கைப்பந்து மேல் எனக்குப் பொறாமை இல்லை. எங்களைப் புகழ்ந்து எழுதவும் சொல்லவில்லை. ஆட்டத்தை ஆட்டமாக எழுத இவர்களுக்கு என்ன தடை என்று புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழித்துறை_ஆறு

எடே, கைப்பந்து ஆடுகிறவனுக்கு வேர்க்கிறது. நீங்கள் ஏசி ஹாலில் உட்கார்ந்து கட்டைவிரலை ஆட்டிவிட்டு விளையாட்டுப் பக்கம் கேட்கிறீர்கள். அதுதான் தடை. வேறொன்றுமில்லை.

கோட்டாறு_கேமர்

ஏசி எங்கே அண்ணே, மூன்று டேபிள் ஃபேன்தான்.

செஸ் ஆடுகிறவருக்கு மட்டும் எங்கே வேர்க்கிறது? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரனை வென்றபோது எந்தப் பேப்பரும் வியர்வையை அளந்து பார்க்கவில்லை. இன்னொன்று கேளுங்கள். 2025-இல் ரியாத்தில் நடந்த ஈ-ஸ்போர்ட்ஸ் (கேமைப் போட்டியாக ஆடுவது) உலகக் கோப்பையில் செஸ்ஸும் ஒரு பிரிவு. கார்ல்சன் ஜெயித்தார், நம்ம அர்ஜுன் எரிகைசி நான்காவது. ஆளுக்கு 10 நிமிடம், கம்ப்யூட்டர் திரையில் மவுஸைப் பிடித்துக்கொண்டுதான் ஆடினார்கள். அதே உலகக் கோப்பையில் டோட்டா, கவுன்டர்-ஸ்ட்ரைக், பப்ஜி மொபைல் என்று மற்ற கேம்கள் எல்லாமே நடந்தன. செஸ்ஸைப் பற்றிப் படித்தேன். மற்றதெல்லாம் நடந்ததாகவே நம்ம பேப்பர் வழியாக எனக்குத் தெரியவில்லை.

தக்கலை_பழைய_நிருபர்

தம்பி, இருபது வருடத்துக்கு மேல் பகுதி நிருபராக இருந்துவிட்டு ஒதுங்கியவன் நான். ஆதலால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பகுதி நிருபரின் நாள் எப்படிப் போகும் தெரியுமா? காலையில் ஸ்டேஷனுக்கு ஒரு போன், பிறகு ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி. திங்கள்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸ் மனு நாள். கட்சிக் கூட்டம், கோயில் கொடை, சர்ச் திருவிழாக் கொடியேற்றம். மாலைக்குள் இத்தனையையும் அடித்து அனுப்ப வேண்டும். பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, அச்சில் வருகிற அளவுக்குத்தான் காசு. இதில் செய்தியைத் தேடிப் போவதைவிட, கைக்கு வருகிற செய்திதான் அதிகம்.

போலீஸ் செய்தி கைக்கு வரும். பெயர், வயது, ஊர், என்ன நடந்தது, எல்லாம் எஃப்.ஐ.ஆரில் தயாராக இருக்கும். பையன் ஏன் அப்படிச் செய்தான் என்ற இடத்தில் வீட்டார் "எப்பவும் போன்லயே கிடப்பான்" என்று சொல்லியிருந்தால், அதுவே தலைப்பாகிவிடும். நிருபர் கேமை வெறுக்கிறார் என்று அர்த்தமில்லை. அவர் கையில் வந்த ஒரே காகிதத்தில் அதுதான் எழுதியிருந்தது.

கைப்பந்து முடிவும் அப்படித்தான். கிளப் செயலாளர் ராத்திரியே ஒரு தாளில் அணி, புள்ளி, பரிசு கொடுத்தவர், முன்னிலை வகித்தவர் என்று எழுதி பஸ்ஸில் கொடுத்துவிடுவார். இப்போது வாட்ஸ்அப். நான் ஒரு கைப்பந்துப் போட்டிக்கும் நேரில் போனதில்லை. ஆனால் வருடக் கணக்கில் முடிவு போட்டிருக்கிறேன்.

நீங்கள் என்ன தாள் கொடுத்தீர்கள்? அந்த நிருபர் ஹாலுக்குள் வந்தபோது, எது ஜெயிப்பு எது தோற்பு என்று அவருக்கு யார் விளக்கினார்கள்? தெரியாத ஆட்டத்தைப் பார்க்கிற எவனும் மனுஷனைப் பற்றித்தான் கேட்பான். எத்தனை மணி நேரம், வீட்டில் திட்டுவார்களா. அது கெட்ட எண்ணம் இல்லை, வேறு கேள்வி கேட்க அவரிடம் சரக்கு இல்லை.

அருமனை_ஐஜிஎல்

நிருபர் சார் சொல்வது சரிதான். ஆனால் எங்களுக்குப் பேப்பர் எதற்கு? யூடியூபில் தமிழில் கமென்ட்ரியோடு நேரலை போகிறது. போட்டி நடத்துகிற ஸ்கைஸ்போர்ட்ஸே சென்னைக் கம்பெனிதான். யார் ஆடுகிறார்கள் என்று பார்க்க வேண்டியவர்கள் அங்கே பார்த்துக்கொள்கிறார்கள்.

கோட்டாறு_கேமர்

யூடியூபில் ஆடுகிறவனையும் வீடியோ போடுகிறவனையும் ஒரே ஆளாக ஆக்கிவிட்டார்களே மக்கா. 2024 ஏப்ரலில் பிரதமர் ஏழு கேமர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அதில் தீர்த் மேத்தா இருந்தார். குஜராத்தின் பூஜ் ஊர்க்காரர், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக இருந்தபோது ஹார்த்ஸ்டோன் என்கிற சீட்டு வகை கேமில் வெண்கலம் வாங்கியவர். சூதாட்டத்தையும் கேமையும் எப்படிப் பிரிப்பது என்றுகூட அந்தச் சந்திப்பில் பேசினார்கள். செய்தியில் எது ஓடியது? பிரதமர் "நூப்" (ஆடத் தெரியாதவன் என்று கேமர்கள் சொல்லும் கேலி வார்த்தை) என்று சொன்னது, அதை வைத்துத் தேர்தல் நேரத்துச் சண்டை. அந்த ஏழு பேரில் ஒருவர் ஆசியப் போட்டியில் பதக்கம் வாங்கியவர் என்பதை என் ஃபிரெண்ட்ஸிலேயே பாதிப் பேருக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

திங்கள்நகர்_டீச்சர்

நான் இந்தப் பேச்சில் உங்கள் கட்சி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். முதல் பீரியடில் கண் சொருகிப் போகிற பையன்கள் ஒவ்வொரு வருடமும் கூடுகிறார்கள். என்னவென்று கேட்டால் ராத்திரி முழித்து கேமில் ரேங்க் ஏற்றினானாம். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்து, 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனி கிளினிக் நடக்கிறது. பேப்பரில் இந்தச் செய்திகள் வருவது தப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னிடம் வருகிற பெற்றோரில் பலர் அப்படி ஒரு செய்தியைப் படித்த பிறகுதான் வருகிறார்கள்.

ஆனால் எழுதுகிற விதத்தில் எனக்கும் கோபம் உண்டு. ஒரு பிள்ளை உயிரை விட்டால், மறுநாளே ஒரே வரியில் காரணம் கட்டி, கேமின் பெயரைத் தலைப்பில் போடுகிறார்கள். தற்கொலைச் செய்தியைப் பரபரப்பாக்காதே, எளிதான ஒற்றைக் காரணம் சொல்லாதே என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. நிம்ஹான்ஸில் ஒரு டாக்டர் மாதக்கணக்கில் பார்த்துச் சொல்வதை ஸ்டேஷன் வாசலில் வைத்து ஒரு மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமே, சாதாரணமாகக் குறைந்தது 12 மாதமாவது அந்த நிலை நீடித்திருக்க வேண்டும் என்றுதானே சொல்கிறது?

அப்புறம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியும் இதுவும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன. அது யார் தப்பு?

குழித்துறை_ஆறு

டீச்சர் கடைசியில் கேட்டதற்கு என் பதில்: விளம்பரம் வாங்கினவர்கள் தப்பு. ஒரு பக்கம் ரம்மியில் கடனாகிச் செத்தார் என்ற செய்தி, புரட்டினால் பிரபல நடிகர் ரம்மி ஆடக் கூப்பிடுகிற முழுப் பக்கம் இருந்தது. 2022-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் பந்தய விளம்பரம் போடாதீர்கள் என்று ஒரு தடவைக்கு மேல் எழுத வேண்டியிருந்தது. கிரிக்கெட் அணியின் சட்டையில் 2025 ஆகஸ்ட் வரைக்கும் பணம் கட்டி ஆடவைத்த டிரீம்11 ஆப்பின் பெயர்தான் இருந்தது. காசு வந்த பக்கம் பேப்பருக்கு அது விளையாட்டு, காசு வராத பக்கம் சமூகச் சீரழிவு.

இதை எழுதினதால் நான் கேமர் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

கோட்டாறு_கேமர்

சட்டமே இரண்டையும் பிரித்துவிட்டது டீச்சர். 2022 டிசம்பரிலேயே மத்திய அரசு, பல விளையாட்டுகள் சேர்ந்து நடக்கும் தொடர்களில் இடம்பெறும் ஈ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்திடம் கொடுத்தது. ஆன்லைன் கேமிங் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குப் போனது. 2025 ஆகஸ்டில் ஆன்லைன் கேமிங் சட்டம் வந்தது. மக்களவை 20-ஆம் தேதி, மாநிலங்களவை 21-ஆம் தேதி, ஜனாதிபதி கையெழுத்து 22-ஆம் தேதி. பணம் கட்டி ஆடுகிற ஆட்டத்துக்குத் தடை, ஈ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம், இரண்டும் ஒரே சட்டத்தில். ரம்மியில் தோற்றவன் வீட்டுப் பணத்தைத் தோற்கிறான், எங்கள் போட்டியில் தோற்றவன் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போகிறான்.

தக்கலை_பழைய_நிருபர்

உங்கள் போட்டிக்கு என்ட்ரி ஃபீஸ் உண்டா தம்பி? உண்டு என்றால் அது எங்கே போனது? ஒரு நிருபர் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது.

கோட்டாறு_கேமர்

உண்டு. அணிக்கு 200 ரூபாய். ஹால் வாடகை, நெட், மதியச் சாப்பாடு, அதோடு தீர்ந்தது. பரிசுப் பணம் ஒரு செல்போன் கடைக்காரர் கொடுத்தது. பதிவுக் கட்டணமும் திறமைக்குப் பரிசும் ஈ-ஸ்போர்ட்ஸில் இருக்கலாம், பந்தயம் மட்டும் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கணக்கு நோட்டு இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவேன். ஆனால் வீட்டிலிருந்து ரூம் ஐடி (ஆட்டத்துக்குள் நுழைகிற எண்) அனுப்பி, தலைக்கு ஐம்பது ரூபாய் வசூலித்து, ஜெயித்தவனுக்கு அதிலேயே பாதியைக் கொடுக்கிற ஆட்களும் நம்ம மாவட்டத்தில் உண்டு. அவர்களைப் பற்றி ஒரு பேப்பராவது எழுதினால் நான் சந்தோஷப்படுவேன்.

முட்டம்_டு_பூசான்

நான் முட்டத்துக்காரன், இப்போது தென் கொரியா பூசானில் கப்பல் வேலை. உங்கள் பேச்சைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே குவாங்கல்லி என்று ஒரு கடற்கரை. 2004-இல் ஸ்டார்கிராஃப்ட் என்கிற கம்ப்யூட்டர் கேம் அணிகளின் புரோலீக் இறுதிப் போட்டியை அந்த மணலில் மேடை போட்டு நடத்தியிருக்கிறார்கள். ஒரு லட்சம் பேர் கூடியதாக அப்போது எழுதினார்கள். அதற்கு முன்பே, 2000-இல், கேமுக்கென்றே தனி கேபிள் டிவி வந்துவிட்டது, ஓ.ஜி.என். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே குடும்பம் பார்க்கிற மாதிரி ஆட்டத்தைப் போட்டார்கள். கமென்ட்ரி சொல்கிறவருக்குக் கோட்டு சூட்டு.

அதற்காக இங்கே கேமைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். 2005-இல் டேகு நகரில் ஒருவர் கிட்டத்தட்ட 50 மணி நேரம் விடாமல் ஆடி செத்துப்போனார், உலகம் முழுக்க அந்தச் செய்தி போனது. 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் வீரர்கள் சிலர் காசு வாங்கிக்கொண்டு தோற்றது வெளியே வந்தது, முன்னாள் சாம்பியன் ஒருவரும் அதில் உண்டு. எல்லாவற்றையும் எழுதினார்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவுக்கு மேல் ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று 2011-இல் சட்டம் போட்டு, பத்து வருடம் வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டார்கள். (நம்ம தமிழ்நாட்டில் பணம் வைத்து ஆடும் கேமுக்கு ராத்திரி 12 முதல் 5 வரை தடை போட்டது நினைவு வருகிறதா? 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஒத்துக்கொண்டது.)

நான் சொல்ல வந்தது வேறு. 2022 லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் (அணியாக ஆடுகிற கம்ப்யூட்டர் கேம்) உலகப் போட்டி. டெஃப்ட் என்று ஒரு வீரர், பத்து வருடமாக ஆடுகிறவர், ஒரு தடவைகூட உலகக் கோப்பை வாங்காதவர். அவர் அணி டி.ஆர்.எக்ஸ். தகுதிச் சுற்றிலிருந்து தட்டுத் தடுமாறி வந்து, குரூப்பில் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. தோற்ற அன்று குக்கி நியூஸ் என்கிற கொரியச் செய்தி நிறுவனத்தின் நிருபர் ஒருவர் அவரிடம் பேட்டி எடுத்தார். தோல்வி பரவாயில்லை, மனசு ஒடியாமல் இருப்பதுதான் முக்கியம் என்று தலைப்பு வைத்தார். அதன் பிறகு அந்த அணி ஒவ்வொருவராகச் சாய்த்து, சான் பிரான்சிஸ்கோவில் இந்த கேமின் பெரிய நட்சத்திரம் ஃபேக்கர் ஆடுகிற டி1 அணியை 3-2 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. ஃபேக்கரும் டெஃப்டும் ஒரே பள்ளிக்கூடம் வேறு. அந்த வருடக் கடைசியில் கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பை. போர்ச்சுகலை வென்று கொரியா அடுத்த சுற்றுக்குப் போனபோது, வீரர்கள் பிடித்திருந்த கொடியில் அந்தத் தலைப்புதான் எழுதியிருந்தது. நாடு முழுக்க அதைச் சொன்னார்கள்.

தோற்றுப் போய் உட்கார்ந்திருப்பவனிடம் மைக்கை நீட்ட ஒரு நிருபர் அங்கே இருந்தார், விஷயம் அதுதான். அவருக்கு எது தோல்வி என்று தெரிந்திருந்தது. ஜெயித்த பிறகு பரிசுத் தொகையை மட்டும் எழுத வருகிறவருக்கு அந்தப் பேட்டி கிடைத்திருக்காது.

தூத்தூர்_லெஃப்ட்விங்

பூசான் அண்ணன் பதிவைப் படித்துவிட்டு எங்கள் கடற்கரையை நினைத்துக்கொண்டேன். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் தெரியும், எத்தனை பேர் பந்து விளையாடுகிறார்கள் என்று. எங்கள் பக்கத்திலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். கால்பந்து வரைக்கும் போனார். அவர் டிவியில் வந்த பிறகுதான் எங்கள் மணலைத் தேடி கேமரா வந்தது. அதுவரை கடற்கரை ஊர் என்றால் புயல், காணாமல் போன படகு, மண்ணெண்ணெய் மானியம், இவ்வளவுதான் செய்தி. ஆக, ஒரு கூட்டத்தை ஒரே விஷயத்துக்காக மட்டும் எழுதுவது கேமருக்கு மட்டும் நடக்கிற கொடுமை இல்லை. கொஞ்சம் அழுகையைக் குறையுங்கள்.

ஃபிஃபா என்கிற கால்பந்து கேமும் ஆடுவேன், அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஈ-ஸ்போர்ட்ஸ் பதக்கப் போட்டி ஆனது. ஃபிஃபா ஆன்லைனில் சரண்ஜோத் சிங்கும் கர்மன் சிங் டிக்காவும் இந்தியாவுக்காக ஆடினார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் அணி கால் இறுதியில் வியட்நாமிடம் தோற்றது. பதக்கம் இல்லை என்றதும் பேச்சே இல்லை. கபடியில் தோற்றிருந்தால் ஒரு வாரம் அலசியிருப்பார்கள்.

அருமனை_ஐஜிஎல்

ஹாங்சோவில் பப்ஜி வகையும் இருந்தது அண்ணே, ஆனால் ஒருத்தரை ஒருத்தர் சுடுவதில்லை. இலக்குகளைச் சுட்டுக்கொண்டு முந்திப்போகிற மாதிரி தனியாக ஒரு வடிவம் செய்திருந்தார்கள். எங்கள் ஆட்டத்தை "சுட்டுக் கொல்லும் விளையாட்டு" என்று எழுதுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

குழித்துறை_ஆறு

இப்போது நான் கேட்கிறேன். கைப்பந்து யாருடையது? யாருடையதும் இல்லை. பி.ஜி.எம்.ஐ. யாருடையது? தென் கொரியாவின் கிராஃப்டன் கம்பெனியுடையது. நாளைக்கு அவன் சர்வரை நிறுத்தினால் உங்கள் விளையாட்டே இல்லை. அதைப் பற்றி ஒரு பேப்பர் தினமும் எழுதினால், கம்பெனிக்கு இலவச விளம்பரம் கொடுத்தது ஆகாதா? இதற்குப் பதில் சொல்லுங்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

தக்கலை_பழைய_நிருபர்

இது நல்ல கேள்வி. எடிட்டர் மேசையில் நிஜமாகவே இது ஓடும்.

நடந்ததைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைலுக்குத் தடை. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்று திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் அதே மாதிரி கேமான ஃப்ரீ ஃபயருக்குத் தடை. அதே வருடம் ஜூன் 24-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2 சேனலில் பி.ஜி.எம்.ஐ. மாஸ்டர்ஸ் தொடர் தொடங்கியது. இந்திய டிவியில் கிரிக்கெட்டும் கால்பந்தும் போடுகிற சேனலில் இது முதல் தடவை. ஜூலை நடுவில் தொடர் முடிந்தது, ஜூலை 28-இல் பி.ஜி.எம்.ஐ. ஆப் ஸ்டோரிலிருந்தே காணாமல் போனது. 2023 மே மாதம்தான் மறுபடி வந்தது, அதுவும் சோதனை அடிப்படையில். இந்த மாதிரி ஒன்றுக்கு ஆள் வைத்து, பக்கம் ஒதுக்கி, விளம்பரம் பிடிக்க எந்த முதலாளி துணிவார்?

அமெரிக்காவிலேயே பாருங்கள். ஈ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனலின் தலைவர் ஜான் ஸ்கிப்பர் 2014-இல் இது ஸ்போர்ட்டே இல்லை, போட்டி என்று வேண்டுமானால் சொல்லலாம் என்றார். 2016 ஜனவரியில் அதே நிறுவனம் இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. 2020 நவம்பரில் மூடியது. வேலை போனவர்களில் ஆட்டத்தை நன்றாகத் தெரிந்து எழுதுகிறவர்கள் இருந்தார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே கணக்கு ஒத்துவரவில்லை.

ஆனால் தம்பி குழித்துறை, ஐ.பி.எல்.லும் ஒரு நிறுவனத்தின் சரக்குதானே? அணிகளுக்கு முதலாளிகள், பெயரிலேயே கம்பெனி. அதை எழுதுகிறோமே. கம்பெனியுடையது என்பதால் எழுதக்கூடாது என்று இல்லை, கம்பெனி அனுப்புகிற குறிப்பை அப்படியே போடக்கூடாது என்பதுதான் சரி. இப்போது நடப்பது அப்படியே போடுவதுதான். பரிசுத் தொகை இத்தனை கோடி என்ற செய்தி எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? 2021 டோட்டா உலகப் போட்டிக்கு 4 கோடி டாலர் பரிசு என்று எல்லோரும் எழுதினார்கள். அதில் பெரும்பகுதி ரசிகர்கள் கேமுக்குள் பொருள் வாங்கியதால் சேர்ந்த பணம் என்று எழுதியவர்கள் குறைவு. ஆட்டத்தைத் தெரிந்த நிருபர் இருந்தால்தான் கம்பெனியையும் கேள்வி கேட்க முடியும்.

குழித்துறை_ஆறு

சரி. ஒதுங்குகிறேன் என்று சொன்னேன், முழுசாக இல்லை. பாதி.

திங்கள்நகர்_டீச்சர்

நிருபர் சாருக்கு ஒரு வேண்டுகோள். அப்படி ஆட்டம் தெரிந்து எழுதுகிற காலம் வந்தால், எத்தனை மணி நேரம் ஆடுகிறாய் என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். கோட்டாறு தம்பிக்கு அது அவமானமாகத் தெரிகிறது, எனக்கு அப்படி இல்லை. ஓட்டப்பந்தய வீரரிடம் பயிற்சி நேரம் கேட்பதில்லையா? எத்தனை மணிக்குத் தூங்கினாய், பள்ளி என்ன ஆனது, வயது என்ன? பி.ஜி.எம்.ஐ. திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். அது நடக்கிறதா, அம்மா போன் நம்பரைப் போட்டு ஏமாற்றுகிறார்களா என்று ஒருவராவது போய்ப் பார்த்து எழுதட்டும்.

அருமனை_ஐஜிஎல்

டீச்சர், நான் நிஜத்தைச் சொல்கிறேன். எனக்கு 19 வயது. பேப்பர் எதற்கு என்று மேலே எழுதினேன் இல்லையா, அது கோபத்தில் எழுதியது. என் அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறார். விடியும் முன்னே போய்விட்டு வந்து, கட்டன்சாயா குடித்துக்கொண்டு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பார். யூடியூபில் நான் ஆடினதைக் காட்டினால் அது அவருக்குப் படம் மாதிரி. பேப்பரில் வந்தால்தான் நடந்தது. அந்த ஹால் போட்டிச் செய்தியை நான்தான் அவரிடமிருந்து ஒளித்து வைத்தேன், ஜெயித்த அணி எங்களுடையதாக இருந்தும்.

தக்கலை_பழைய_நிருபர்

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பிரசங்கம் பண்ணியிருக்க மாட்டேன்.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. தினமலரை 1951-இல் டி.வி.ராமசுப்பையர் தொடங்கியது மதுரையிலோ சென்னையிலோ இல்லை, திருவனந்தபுரத்தில். அவர் வடிவீஸ்வரத்துக்காரர். திருவிதாங்கூர் தமிழருக்குப் பேச ஒரு பேப்பர் இல்லை என்பதுதான் காரணம். 1956 நவம்பர் 1-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் வரை அந்தப் போராட்டச் செய்தி அதில் ஓடியது. அந்த மாதிரி தனிப் பேப்பர் தொடங்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். தாளாவது எழுதிக் கொடுங்கள் என்கிறேன்.

அடுத்த போட்டி எப்போது? ராத்திரி எட்டு மணிக்குள் முடிவு அனுப்ப முடியுமா? புள்ளி எப்படிப் போடுகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள், படிக்கிறவனுக்குப் புரிகிறதா பார்ப்போம்.

கோட்டாறு_கேமர்

எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு ஆட்டத்தில் 16 அணிகள் ஒரே நேரத்தில் இறங்கும். நேரம் போகப்போக வட்டம் சுருங்கும், வெளியே நிற்பவனுக்கு உயிர் குறையும். கடைசி வரை நிற்கிற அணிக்கு 10 புள்ளி. அடுத்து 6, 5, 4, 3, 2, ஏழுக்கும் எட்டுக்கும் ஒவ்வொன்று. அதற்கு மேல் எதிராளி ஒருவரை வெளியேற்றினால் 1. இப்படி ஆறு ஆட்டம். கூட்டிப் பார்த்து அதிகம் எடுத்தவர் சாம்பியன். ஒரு ஆட்டம்கூட கடைசி வரை நிற்காத அணி, ஆட்களை வெளியேற்றியே கோப்பை வாங்கலாம். அருமனை அணி அப்படித்தான் வாங்கியது. ஆறில் ஒன்றில்கூட முதலிடம் இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில் வட்டம் ஆற்றுப் பக்கம் விழுந்தபோது மற்ற அணிகள் பாலத்தில் மாட்டிக்கொண்டன, இவர்கள் முன்பே நீந்திக் கரையேறி மேட்டில் படுத்துக் காத்திருந்தார்கள்.

தூத்தூர்_லெஃப்ட்விங்

அடப்பாவி, இதை எழுதாமல் எங்களிடம் இத்தனை நேரம் சண்டை போட்டாயா? நீந்திக் கரையேறின வரி போதும், நான் படிப்பேன்.

தக்கலை_பழைய_நிருபர்

நன்றாக இருக்கிறது. பாதியாக வெட்டு. சாம்பியன் அணி முதல் வரியில் வரட்டும், புள்ளிக் கணக்கு மூன்றாவது வரிக்குப் போகட்டும், செல்போன் கடைக்காரர் பெயர் கடைசியில். பி.டி.எஃப். வேண்டாம், அதை மறுபடி அடிக்க அங்கே ஆள் இல்லை. யூனிகோடில் டைப் செய்து அனுப்பு. படத்தில் போனைக் குனிந்து பார்க்கிற மாதிரி வேண்டாம், நாலு பேரும் நிமிர்ந்து நிற்கட்டும். முக்கியம், ஒவ்வொரு பையனுக்கும் பக்கத்தில் ஊர் பெயர். ஊர் இல்லாமல் மாவட்டப் பக்கத்தில் ஒன்றும் ஏறாது.

அருமனை_ஐஜிஎல்

எங்கள் அணியில் இரண்டு பேர் பாறசாலைக்காரர்கள் சார். எல்லைக்கு அந்தப் பக்கம். போடலாமா?

தக்கலை_பழைய_நிருபர்

போடு. களியக்காவிளையில் மலையாளப் பேப்பர் நிருபர் ஒருவரை எனக்குத் தெரியும், அவருக்கும் ஒரு காப்பி தட்டிவிடு.